மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தார்

நான் ஓய்வுபெற்று எட்டு மாதமாகிறது. ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரத்துப் பாடசாலைகளில் தமிழ்ப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நடுவில் இருந்து இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் அதைச் செய்தேன். போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். இப்போது பல சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளரை அனுப்பாமல் ஒரு டேப்லெட்டை மேசையில் வைத்துவிடுகிறார்களாம். அதோடு வேலைசெய்யப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்றார்கள். போனேன்.

தமிழுக்கென்று சேர்ந்திருந்த பிள்ளை இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கெட்டிக்காரி. நான் கதைத்து முடித்ததும் கேட்டாள்: "அக்கா, அவை சொன்னதை அப்படியே சொன்னாப் போதும்தானே? அதில எங்க பிழை வரும்?"

அந்த இடத்தில் அவளுக்கு நான் சொன்னது பாதிப் பதில். மீதியை இங்கே எழுதுகிறேன். இதில் வரும் பெண்ணின் பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதலாம் என்று அவள் சம்மதம் தந்த பிறகே எழுதத் தொடங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவள் நான். அகதியாக இங்கே வந்து ஒன்பது வருடம் முதியோர் இல்லமொன்றின் சலவைக் கூடத்தில் துணி மடித்தேன். ஜெர்மன் மொழியை அங்கேதான் பழகினேன், துணி மடிக்கும் கிழவிகளோடு கதைத்துக் கதைத்து. பிறகு நகர அலுவலகம் தமிழ் தெரிந்த ஆட்களைத் தேடியபோது விண்ணப்பித்தேன். வார இறுதிகளில் ஆறு மாதப் பயிற்சி. கடைசி நாளில் ஒரு அட்டை தந்தார்கள். அவ்வளவுதான் என் படிப்பு.

உண்மையில் எனக்கு வேலையைப் பழக்கியவர் என் மேலதிகாரி திருமதி லோமன். மெலிந்த, உயரமான ஜெர்மன் பெண். சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. எங்கே உட்கார வேண்டும் என்பதிலிருந்து அவர் தொடங்குவார். மேசையின் குறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெற்றோருக்குப் பக்கத்தில் இருந்தால் ஆசிரியைக்கு நீ எதிராளியாகத் தெரிவாய், ஆசிரியைக்குப் பக்கத்தில் இருந்தால் பெற்றோருக்கு நீ அதிகாரியாகத் தெரிவாய் என்பார். ஆசிரியை "நான் கவலைப்படுகிறேன்" என்றால் நானும் "நான் கவலைப்படுகிறேன்" என்றே சொல்ல வேண்டும். "அவ கவலைப்படுறாவாம்" என்று சொல்லக்கூடாது. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அங்கே கேட்டதை வெளியே கதைக்கக்கூடாது. பெற்றோர் வாசலில் பிடித்து, "அக்கா, நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டால் பதில் சொல்லக்கூடாது.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அலுவலகத்துக்குப் போய் அவர் முன்னால் உட்கார வேண்டும். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். என்ன சொல்லப்பட்டது? நீ என்ன சொன்னாய்? ஏதாவது விடுபட்டதா? நான் சொல்லச் சொல்ல ஒரு படிவத்தை நிரப்புவார். ஒரு சொல்லில் நான் தடுமாறினால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

இந்த நாட்டில் நாலாம் வகுப்பு முடிகிறபோது பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழி கிம்னாசியம். அதற்குக் கீழே வேறு பாடசாலைகள். பத்து வயதில் எந்தப் பக்கம் போகிறாய் என்பது பிறகு எந்தக் கதவு திறக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்துவிடும். ஆசிரியை எந்தப் பாடசாலையைச் சிபாரிசு செய்கிறாரோ அதைத்தான் நம் பெற்றோர் கட்டளையாக எடுத்துக்கொள்வார்கள்.

என் முதல் வருடத்தில் ஒரு சந்திப்பு. பிள்ளையின் மதிப்பெண்கள் எல்லாம் நல்லவை. ஆனாலும் ஆசிரியை கிம்னாசியத்தைச் சிபாரிசு செய்யவில்லை. காரணமாக அவர் சொன்னது, வீட்டில் ஜெர்மன் கதைப்பதில்லை, பாடத்தில் சந்தேகம் வந்தால் பெற்றோரால் உதவ முடியாது, பிள்ளைக்குத் தேவையில்லாத சுமை என்பது. கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. அன்பாகத்தான் சொன்னார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். பிள்ளையின் தகப்பன் பேக்கரியில் வேலைசெய்பவர். "அக்கா, கேளுங்கோ. அங்க வீட்டுப்பாடம் பிள்ளைக்குக் குடுக்கினமோ, எனக்குக் குடுக்கினமோ?" என்றார்.

நான் அதையும் அப்படியே சொன்னேன். ஆசிரியையின் முகம் சிவந்தது. தகப்பன் பிடித்த பிடியாக நின்று கிம்னாசியத்தில் சேர்த்தார். அந்தப் பிள்ளை இன்று பான் நகரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அன்று எனக்கு வேலை இலகுவாக இருந்தது. பெற்றவர் தனக்காகத் தானே கதைத்தார், நான் அதை அந்தப் பக்கம் சேர்த்தேன். அப்படி ஒரு தகப்பன் இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன என்பது போகப்போகத்தான் விளங்கியது. அதே மதிப்பெண்களோடு பக்கத்து வாங்கில் இருந்த ஜெர்மன் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தச் சுமையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதும் அப்படித்தான் விளங்கியது.

சாருகா என்ற பிள்ளையின் அலுவல் அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு வந்தது.

அவளுடைய தகப்பன் குமார் இங்கே முதலில் வந்து ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலைசெய்துகொண்டிருந்தார். மனைவி சுகந்தியும் பிள்ளையும் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். வரும்போது சாருகாவுக்கு ஆறு வயது. எட்டு வயதில், இரண்டாம் வகுப்பில், பாடசாலை அவளை ஒரு பரிசோதனைக்கு அனுப்பியது. படிப்பில் விசேட உதவி தேவையா என்று பார்க்கிற பரிசோதனை. அவள் வகுப்பில் கதைப்பதில்லை, சிரிப்பதில்லை, கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை, ஒரு தடவை சக மாணவியைத் தள்ளி விழுத்தினாள் என்று கோப்பில் எழுதியிருந்தது.

பரிசோதிக்க வந்தவர் விசேட கல்வி ஆசிரியர், இளைஞர், மிகவும் மரியாதையானவர். தொடங்குமுன் என்னிடம் விளங்கப்படுத்தினார். கேள்விகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றினாலும் புள்ளிகள் செல்லாது. ஆகவே நான் கேள்வியை மொழிபெயர்க்கக் கூடாது, பதிலையும் மொழிபெயர்க்கக் கூடாது. பிள்ளைக்கு வணக்கம் சொல்லி, பயப்பட வேண்டாம், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கேள் என்று சொல்லிவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். நான் தலையாட்டினேன்.

சிறிய அறை. சாளரத்தடியில் வெப்பமூட்டி, அதன்மேல் பிள்ளைகள் வரைந்து காயவைத்த ஓவியங்கள். சாருகா உள்ளே வந்தபோது கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்திருந்தாள். நான் தமிழில் வணக்கம் சொன்னதும் அவள் முகம் என் பக்கம் திரும்பியது. பிறகு அந்த முகம் என்னைவிட்டு அகலவே இல்லை. எனக்குத் தமிழில் சொன்னால் போதும் என்று நம்பியிருப்பாள். பிழை அங்கேதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

படங்களைச் சேர்க்கும் பகுதியைக் கடகடவென்று செய்தாள். பிறகு அவர் வாயால் கேட்கும் கேள்விகளுக்கு வந்தார். புயல் வரும்போது ஏன் சாளரத்தைச் சாத்துகிறோம் என்று ஜெர்மனில் கேட்டார். அவள் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "மழை உள்ளுக்கு அடிக்கும். கட்டில் நனைஞ்சிடும்."

கேள்வி அவளுக்கு முழுக்க விளங்கியிருந்தது. பதிலும் சரி. ஜெர்மனில் சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. ஆசிரியர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். ஜெர்மனில் சொல் என்று கனிவாகக் கேட்டார். அவள் குனிந்தாள். அவர் தாளில் ஏதோ குறித்தார். நான் இருந்த இடத்திலிருந்து அது தெரிந்தது. பூச்சியம்.

அடுத்த கேள்வி, அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள், குரல் குறைந்துகொண்டே போனது. நான் பதில் சொல்லாமல் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு இருந்தேன். நாலைந்து கேள்விகளுக்குப் பிறகு அவள் எனக்குச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். மீதிக் கேள்விகளுக்கெல்லாம் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

முடிந்ததும் அந்த ஆசிரியர் எனக்கு நன்றி சொன்னார். பல மொழிபெயர்ப்பாளர்கள் இடையில் குறுக்கிட்டு விடுவார்கள், நீங்கள் விதியை மதித்தீர்கள் என்றார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தேன்.

அலுவலகத்தில் திருமதி லோமன் வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டார். ஏதாவது விடுபட்டதா என்றபோது, பிள்ளை தமிழில் பதில் சொன்னாள் என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அதை மொழிபெயர்க்கச் சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் படிவத்தைப் பார்த்தார். பிள்ளை தன் மொழியில் சொன்னதை எழுத அதில் இடம் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அதிபர், வகுப்பு ஆசிரியை, பரிசோதித்த ஆசிரியர், குமார், சுகந்தி, நான். மேசையின் குறுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுகந்தி ஆசிரியைக்கென்று ஒரு பெட்டியில் கட்லட் செய்து கொண்டுவந்திருந்தா. அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தா.

அதிபர் மிகுந்த கவனத்தோடு கதைத்தார். சாருகாவுக்கு இந்தப் பாடசாலையின் வேகம் பொருந்தவில்லை. அவளுக்கு ஃபோர்டர்சூலே பொருத்தம். அங்கே வகுப்புகள் சிறியவை. ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கவனிப்பார்கள்.

ஃபோர்டர்சூலே என்ற சொல்லை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தால் பிள்ளையை ஊக்குவித்து முன்னேற்றும் பாடசாலை என்று வரும். உண்மையில் அது மற்றப் பாடசாலைகளில் படிக்க முடியாது என்று தீர்மானிக்கப்பட்ட பிள்ளைகளுக்கானது. அதில் போய்ச் சேர்ந்தவர்கள் திரும்பி வருவது அரிது. பெரும்பாலானோர் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வெளியே வருவார்கள். அந்த மேசையில் இருந்த ஜெர்மன்காரர் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். குமாருக்கும் சுகந்திக்கும் தெரியாது.

நான் "ஊக்குவிப்புப் பாடசாலை" என்று சொன்னேன்.

குமாரின் முகம் மலர்ந்தது. "அப்ப பிள்ளைக்குக் கூடுதலாக் கவனம் எடுப்பினம் போல. நல்லது. நாங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது" என்றார்.

அவர் பிழையாக விளங்கிக்கொண்டார் என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அவருடைய நன்றியை ஜெர்மனில் சொன்னேன். ஆம், சரியாக அப்படித்தான் என்று அதிபர் தலையாட்டினார். அதையும் தமிழில் சொன்னேன். மேசையில் அன்று சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தான் மாற்றப்பட்டது. சம்மதப் படிவத்தில் குமார் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் நான் போட்டேன். சுகந்தி எழுந்து கட்லட் பெட்டியை ஆசிரியையிடம் இரண்டு கையாலும் கொடுத்தா.

வெளியே வந்து ட்ராம் நிறுத்தத்தில் நிற்கும்போது சுகந்தி என்னிடம் ஒன்று சொன்னா. சாருகா தள்ளி விழுத்தின பிள்ளை, வரிசையில் போகும்போது அவளுடைய கையைப் பிடிக்க மாட்டேன் என்றதாம். உன்னுடைய கறுப்பு என் கையில் ஒட்டிவிடும் என்று சொன்னதாம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம். "அண்டையில இருந்துதான் அக்கா, இவள் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு திரியிறாள்" என்றா.

கோப்பில் தள்ளியது மட்டும்தான் இருந்தது.

அன்று அலுவலகத்தில் மூன்றாவது கேள்விக்கு நான் சொன்னேன், ஒன்றும் விடுபடவில்லை, ஆனால் பெற்றோருக்கு விளங்கவில்லை என்று. அவர்கள் கேள்வி ஏதும் கேட்டார்களா என்று திருமதி லோமன் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் நீ உன் வேலையைச் செய்திருக்கிறாய் என்றார். நான் எழும்பினேன். கதவுவரை போனதும் அவர் என்னைப் பார்க்காமலே, அலுவலகங்கள் அனுப்பும் ஒவ்வொரு தீர்மானக் கடிதத்தின் பின்பக்கத்திலும் ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம் என்று அச்சடித்திருக்கும், அது இரகசியம் அல்ல, அதை யாரும் யாருக்கும் வாசித்துக் காட்டலாம் என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்கு விளங்கியது. உடனே அவர்களுடைய வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. மறுபடி சலவைக் கூடத்துக்குப் போக எனக்குப் பயம். சந்திப்பில் கேட்டதை வெளியே கதைத்தால் வேலை போகும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். வேறு சந்திப்புகள் இருந்தன, காய்ச்சல் வந்தது, மழை பெய்தது. இப்படிக் காரணங்களைத் தேடித் தேடி மூன்று வாரத்தைக் கழித்தேன். தீர்மானக் கடிதம் அதற்குள் வந்திருந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். சுகந்தி தேத்தண்ணி ஊற்றினா. சாருகா பக்கத்து அறையில் இருந்தாள். ஃபோர்டர்சூலே என்றால் என்ன, அதில் படித்தால் பிறகு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதனையில் நடந்ததையும் சொன்னேன்.

"இதை ஏன் அக்கா அண்டைக்குச் சொல்லேல்லை?" என்றார் குமார்.

எனக்கு விதி இருந்தது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஆட்சேபிக்கலாம், கடிதம் நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் தயங்கினார். நிரந்தர வதிவிட அனுமதிக்கு அவர் போட்ட விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது. பாடசாலையோடு பிரச்சினைப்பட்டால் அது அங்கே போய் இடிக்குமோ என்று பயந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எவ்வளவோ சொன்னேன். என் சொல்லை அவர் ஏன் நம்ப வேண்டும்? கடைசியில் சுகந்திதான் கதைத்தா. "பிள்ளைக்கு விளங்கினது எல்லாம் விளங்கேல்லை எண்டு எழுதி வைச்சிருக்கினம். நீங்கள் போடாட்டி நான் போடுறன் கையெழுத்து" என்றா.

குமார் கையெழுத்துப் போட்டார். ஆட்சேபக் கடிதம், தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. பிள்ளை தமிழில் சரியான பதில்கள் சொன்னதையும், பெற்றோர் பாடசாலையின் தன்மையை விளங்காமல் சம்மதித்ததையும் எழுதியிருந்தேன்.

பதில் வர நெடுநாளாயிற்று. அதற்குள் புதிய கல்வியாண்டு தொடங்கி, சாருகாவை ஒரு சிறிய பேருந்து வீட்டுவாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தது. ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. காரணம் இரண்டு பந்தி. பரிசோதனை விதிப்படி நடந்திருக்கிறது. சம்மதக் கூட்டத்தில் எல்லாம் விளக்கப்பட்டது, தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தார், ஆகவே பெற்றோருக்கு விளங்கவில்லை என்பதை ஏற்க முடியாது.

அந்தக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவர்கள் வென்றிருப்பார்கள். இதை நான் அன்றிலிருந்து இன்றுவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நான் விதி மீறியது அலுவலகத்துக்குத் தெரியவந்தது. எச்சரிக்கைக் கடிதத்தைத் திருமதி லோமனே தந்தார். கதவைச் சாத்திவிட்டு, எழுந்து நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். பிறகு அதை என் கோப்பில் வைத்தார். உட்கார்ந்ததும் பென்சிலை எடுத்து, படிவத்தில் என்னென்ன இடங்கள் இல்லை என்று சொல் என்றார்.

அன்று தொடங்கிய வேலைக்கு இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. அவர் எத்தனை கூட்டங்களுக்குப் போனார், எத்தனை பேரோடு முகம் முறித்துக்கொண்டார் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. கடைசியில் எங்கள் நகரத்து நடைமுறையில் சில வரிகள் சேர்ந்தன. பரிசோதனையில் பிள்ளை எந்த மொழியில் என்ன சொன்னாலும் அது குறிப்பில் எழுதப்பட வேண்டும். பாடசாலை மாற்றம் பற்றிய கூட்டத்தில், அந்தப் பாடசாலை எந்தச் சான்றிதழோடு முடியும் என்று முதலில் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு விளங்கவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் உணர்ந்தால் கூட்டத்தை நிறுத்தலாம். பிள்ளை யாரையாவது தள்ளினாள் என்று எழுதினால், ஏன் என்று பிள்ளையிடம் கேட்டதையும் எழுத வேண்டும். இந்தக் கடைசி வரியை மட்டும் பல பாடசாலைகள் இன்றும் வெறுமையாகவே விடுகின்றன.

இந்த வரிகளால் சில பிள்ளைகள் தப்பினார்கள். நானே கூட்டத்தை நிறுத்திய நாட்கள் உண்டு. ஒரு தடவை ஒரு தாய் சான்றிதழைப் பற்றிக் கேள்விப்பட்டதும் படிவத்தை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போனா. அந்தப் பிள்ளைக்கு அதே பாடசாலையில் மொழி வகுப்பு ஒழுங்குசெய்தார்கள், அது போதுமாக இருந்தது. முதலிலேயே செய்திருக்கக்கூடியதுதான். திருமதி லோமன் ஓய்வுபெற்ற பிறகு கூட்டங்களை நிறுத்துவது குறைந்தது. நேரம் போகிறது என்று முறைப்பாடு வந்தது. இப்போது டேப்லெட் வந்திருக்கிறது. பயிற்சி நாளன்று அதில் அந்தப் பாடசாலையின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். நான் அன்று சொன்னதையே நல்ல தெளிவான குரலில் சொன்னது.

நான் ஓய்வுபெறுவதற்கு ஒரு வருடம் இருக்கும்போது ஒரு இளம்பெண் நேரம் பதிவுசெய்து என்னைச் சந்திக்க வந்தாள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத ஜெர்மன் பேசினாள். வாசலில் நின்று பெயரைச் சொன்னாள். சாருகா.

பதினாறு வயதில் சான்றிதழ் இல்லாமல் வெளியே வந்தாளாம். மருத்துவத் தாதியாகப் படிக்க விரும்பியிருக்கிறாள். விண்ணப்பித்த இடமெல்லாம் சான்றிதழ் கேட்டார்கள். ஒரு பொதி அனுப்பும் மண்டபத்தில் வேலை. பாடசாலைக் கோப்பைப் பார்க்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்று யாரோ சொல்ல, எழுதிக் கேட்டு எடுத்திருந்தாள். அதன் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது.

பரிசோதனைத் தாளை மேசையில் வைத்தாள். பேச்சுப் பகுதியின் ஓரத்தில், பிள்ளை பதில் எதுவும் தரவில்லை என்று எழுதியிருந்தது. அதுவரை ஜெர்மனில் கதைத்தவள் தமிழுக்கு மாறினாள். தமிழ் அவளுக்குக் கொஞ்சம் தடக்கியது.

"அன்ரி, நீங்கள் அந்த அறையில இருந்தனீங்கள்தானே. நான் ஒண்டுமே சொல்லேல்லையோ?"

சொன்னாள் என்றேன். எனக்கு நினைவிருந்த பதில்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மழை, கட்டில், எல்லாம். எல்லாம் சரியான பதில்கள் என்றேன். அவள் தாளைத் திருப்பிப்போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் கதைச்சனான்" என்றாள், என்னிடம் அல்ல. "இவ்வளவு காலமும் எனக்கு வாயே திறக்கத் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

அவள் கேட்டது ஒன்றுதான். இதை எழுத்தில் தர முடியுமா? இரகசியம் காக்கும் விதி எனக்கு இன்னும் இருந்தது. கோப்பு அவளுடையது, கேட்பதும் அவள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அன்றே எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

அதைத் தன் மனுவோடு சேர்த்து அனுப்பினாள். அன்றைய தீர்மானத்தைத் திருத்தி, தனக்கு நடந்தது பிழை என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தாள். சில மாதங்கள் கழித்து அந்தப் பதிலோடு மறுபடி வந்தாள். அக்கால நடைமுறைக்கு ஏற்பவே எல்லாம் நடந்திருக்கிறது, என் கடிதம் கோப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். வேறொன்றும் இல்லை. வழக்குப் போட ஒரு சட்டத்தரணியைக் கேட்டுப் பார்த்தாளாம். காலம் கடந்துவிட்டது என்றாராம்.

அதற்கிடையில் அவள் மாலைப் பாடசாலையில் சேர்ந்திருந்தாள். பதினாறு வயதில் கிடைத்திருக்க வேண்டிய சான்றிதழுக்கு இருபத்துநாலு வயதில் படிக்கிறாள். வகுப்பில் கையுயர்த்திப் பதில் சொல்கிறாளா என்று கேட்டேன். சில நாளைக்கு என்றாள். தாதிப் படிப்பு முடியும்போது முப்பதைத் தொட்டுவிடுவேன், எடுப்பார்களோ தெரியாது என்றாள். தகப்பனைப் பற்றி விசாரித்தேன். அந்தக் கையெழுத்தைப் பற்றி வீட்டில் அவர் கதைப்பதே இல்லையாம். கதை எடுத்தாலே எழும்பிப் போய்விடுவாராம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்க வேண்டியது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒண்டு கேக்கவோ அன்ரி? அண்டைக்கு உங்களுக்குப் பயமா இருந்ததோ?"

"ஓம் பிள்ளை. சரியான பயம்."

"எனக்கும்தான்" என்றாள். "எனக்கு எட்டு வயசு."

வகுப்புக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.